குணம்

கார்த்திகை அடைமழையில் நெஞ்சில் சளி கட்டி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு திரும்பினேன். பிறகு சம்பா அறுப்பு முடிந்து, அதே வயலில் உளுந்து முளைத்துக் காய்த்தும் ஆகிவிட்டது. ஜுரம் இல்லை, இருமல் இல்லை. பங்குனியில் ஒரு நாள் டாக்டர் என் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். 'படம் சுத்தமா இருக்கு சார். குணமாயிடுச்சு' என்றார். 'மூச்சு வாங்குதே டாக்டர்' என்றேன். அவர் திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

அந்த இரண்டாவது பார்வையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் மேல் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. நல்லவர், என்னைப் பிழைக்க வைத்தவர். அவர் முன் இரண்டு சாட்சிகள் நின்றன, ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. தனக்குப் பழக்கமான சாட்சியை அவர் மறுபடி விசாரித்தார். ஆனால் அந்தச் சில விநாடிகளில் நான் அந்த அறையில் இருப்பது அனாவசியமாகிப் போயிற்று. என் நெஞ்சின் படம் இருந்தது. நெஞ்சுக்குச் சொந்தக்காரன் உபரி.

என்ன செய்தது என்று சொல்லிவிட வேண்டும். வீட்டு வாசலிலிருந்து வெண்ணாற்றுப் பாலம் வரை நடக்க முடிந்தது. பேசிக்கொண்டே நடக்க முடியவில்லை. குனிந்து செருப்பு மாட்டி நிமிர்ந்தால் ஐந்தாறு மூச்சு அவசர அவசரமாகப் போய் வரும். ராத்திரி படுத்தால், கயிறு போதாமல் பாதிக் கிணற்றோடு திரும்பும் வாளியைப் போல மூச்சு அடிவரை போகாமல் திரும்பும். வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வந்தால் அல்பமாக இருக்கும். தமிழ் இலக்கணம் இதைக் கவனித்து வைத்திருக்கிறது. 'நான் மூச்சு விடுகிறேன்' என்பதில் நான் எழுவாய். 'எனக்கு மூச்சு வாங்குகிறது' என்பதில் மூச்சு எழுவாயாகிவிடுகிறது, நான் நாலாம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறேன். சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் என்றும், அது ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் கணக்கு என்றும் சொல்வார்கள். நிமிஷத்துக்கு 15 என்று வைத்துப் பெருக்கினால் சரியாக வருகிறது. ஆரோக்கியம் என்பது இந்த 21,600ல் ஒன்றையும் எண்ணாமல் இருக்கும் நிலை போலும்.

மருத்துவத்துக்கு இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நிமோனியா கண்டவருக்கு மூச்சும் தெம்பும் பழையபடி திரும்ப மூன்று மாதம் பிடிக்கலாம், சிலருக்கு ஆறு மாதமும் ஆகலாம். கிருமி போன பிறகும் சுவாசக் குழாய்கள் கொஞ்ச காலம் எரிச்சலோடு, சீண்டினால் சுருங்குகிற சுபாவத்தோடு இருக்கும். படத்தில் விழுவது நிழல். காற்று போய்வரும் சிரமத்துக்கு நிழல் கிடையாது. காற்றின் அளவை அறிய ஜான் ஹட்சின்ஸன் என்ற ஆங்கில வைத்தியர் 1846லேயே ஸ்பைரோமீட்டரைப் பற்றி எழுதிவிட்டார். இதெல்லாம் டாக்டருக்குத் தெரியாததல்ல. அவருக்கு நேரமில்லை, வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் நேரம் இருந்திருந்தாலும், என் வார்த்தை அவருக்கு எந்த வகைச் சாட்சியமாக இருந்திருக்கும் என்பதே என் கேள்வி.

வார்த்தையையே சாட்சியமாக எடுத்துக்கொண்டவர்களும் மருத்துவத்தில் உண்டு. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை 1940களிலும் 50களிலும் ஆராய்ந்த சார்ல்ஸ் ஃப்ளெட்சரும் அவரது சகாக்களும் மூச்சிறைப்புக்கு ஐந்து படிகள் கொண்ட ஓர் அளவுகோலை உண்டாக்கினார்கள். கருவி எதுவும் வேண்டாம், கேள்விகள் மட்டும்தான். சமதளத்தில் வேகமாக நடந்தாலோ லேசான மேட்டில் ஏறினாலோ மூச்சு வாங்குகிறதா? உன் வயதுக்காரர்களைவிட மெதுவாக நடக்க வேண்டியிருக்கிறதா? நூறு கஜம் நடந்ததும் நின்றுவிடுகிறாயா? துணி மாற்றும்போதே வாங்குகிறதா? இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ள அளவுகோல் இது, சில திருத்தங்களுடன்.

அதைப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தஞ்சை ஜில்லாவில் மேட்டுக்கு எங்கே போவது? ஆற்றுக் கரையையும் பாலத்தையும் விட்டால், தெரிந்த மேடு சுவாமிமலைதான், அதுவும் கட்டிய மலை. அறுபது படிகள், அறுபது தமிழ் வருஷங்கள். சித்திரை மாதத்தில் போய் ஏறிப் பார்த்தேன். முப்பதைத் தாண்டி எங்கோ நின்றுவிட்டேன். என்ன வருஷத்தில் நின்றேன் என்று பக்கத்தில் ஒரு பையன் கேட்டான். தெரியவில்லை. முப்பத்துநாலாவது வருஷம் சார்வரி. அது 2020 ஏப்ரலில் பிறந்தது, ஊரெல்லாம் மூச்சைப் பற்றியே பேசிய வருஷம். அந்தப் படிதானோ என்று பின்னால் கணக்குப் போட்டேன், இருக்காது.

அந்த அளவுகோலின் மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: உன் வயதுக்காரர்களோடு ஒப்பிடுகையில் நீ எப்படி? மூச்சு அந்தரங்கமானது, அதன் குறைவை வெளிப்படுத்துவது மற்றவர்களின் நடை. எங்கள் பக்கத்துக் கிராமத்து அம்மாள் ஒருத்தியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நடவுக்குப் போகிறவள். போன வருஷம் அவளுக்குக் காசம் கண்டு, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள், ஒரு நாள்கூட விடாமல். முடிந்ததும் சளியைப் பரிசோதித்துக் கிருமி இல்லை என்றார்கள், அட்டையில் குணம் என்று எழுதினார்கள். மார்கழியில், நான் துண்டைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் இருந்த சமயம் வந்தாள்.

'நல்லாயிடுச்சுன்னு சீட்டுல எழுதிக் குடுத்துட்டாங்கண்ணே. எனக்குத்தான் ஆகலே' என்றாள்.

நாற்றங்கால் தெரியாத வாசகர்களுக்காக: எங்கள் பக்கம் நடவு வரிசையாக நடக்கும். இயந்திரம் வந்துவிட்டாலும் கை நடவு முற்றிலும் போய்விடவில்லை. பெண்கள் குனிந்தபடி நட்டுக்கொண்டே பின்னோக்கி நகர்வார்கள். ஒருத்தி சுணங்கினால் அவளுக்கு இடமும் வலமும் நட்ட பச்சை சூழ்ந்துவிடும், நடுவில் அவள் தனியாக நிற்பாள். வேறு சோதனை வேண்டியதில்லை. குனிந்த முதுகில் வயிறு மேலேறி நெஞ்சை அழுத்த, கணுக்கால் சேற்றில் மணிக்கணக்காக நிற்பதில் நுரையீரலின் பாக்கி எவ்வளவு என்பது வரப்பில் நிற்கிற யாருக்கும் தெரிந்துவிடும். கூலி கொடுக்கிறவருக்கும் தெரியும். அடுத்த நாள் கூப்பிட மாட்டார்.

'யார் கிட்டயும் மூச்சு விடாதீங்க' என்று போகும்போது சொன்னாள். காசம் வந்தது ஊருக்குத் தெரியாது, வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருக்கிறாள். ரகசியத்தைக் காப்பதற்கு மூச்சு விடாமலிருப்பது என்று பெயர் வைத்த பாஷையில் அவள் இதைச் சொல்கிறாள் என்பது எனக்கு ராத்திரிதான் உறைத்தது.

குணம் என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம் ஊரில் எழுதப்பட்டது. ஒரு காலத்தில் காசத்துக்கு மருந்து என்றால் இடம்: உலர்ந்த காற்று, படுக்கை, பால், முட்டை. தஞ்சாவூருக்கு மேற்கே, ஆற்றுப் பாசனம் விட்டுப்போன செம்மண் மேட்டில், செங்கிப்பட்டியில் சானடோரியம் இருப்பதைப் பார்த்தாலே இந்த எண்ணம் விளங்கும். வயலின் ஈரத்திலிருந்து நெஞ்சைப் பிரித்து எடுப்பது. 1956ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் இந்த எண்ணத்தைச் சோதித்தது. ஒரு பகுதி நோயாளிகளை மதுரை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே விட்டு அதே மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்தார்கள். 1959ல் வெளியான முடிவு உலகத்தையே மாற்றியது. ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்த சானடோரியத்துக்காரர்களுக்கும், குறைந்த சோற்றோடு வீட்டில் கிடந்தவர்களுக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டிலிருந்தவர்களுக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. ஏழைக்குப் படுக்கை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்றாயிற்று. எத்தனையோ உயிர்கள் அதனால் பிழைத்தன. இதைக் குறைத்துப் பேசுகிறவன் மூடன்.

ஆனால் அந்த ஆய்வு தன் வெற்றியைக் கிருமியைக் கொண்டும் படத்தைக் கொண்டுமே அளந்தது. அன்று அதுவே நியாயமான அளவு. சாவு எதிரே நிற்கும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று யார் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்? பிறகு அந்த அளவே அர்த்தமாகிவிட்டது. சிகிச்சையின் கடைசியில் சளியில் கிருமி இல்லை, அதற்கு முன் குறைந்தது ஒரு தடவையாவது இல்லை என்றால் குணம் என்றே 2021 வரை உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை இருந்தது. கிருமி தின்றுவிட்டுப் போன இடத்தில் வடுவும், விரிந்து போன குழாய்களும், சுருங்கிய மடல்களும் மிச்சம் இருக்கலாம். காசத்துக்குப் பிந்திய நுரையீரல் நோய் என்று இதற்கென்றே முதல் சர்வதேசக் கூட்டம் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷில் கூடியது 2019ல்தான். மருந்துகள் கண்டுபிடித்து எழுபது வருஷம் கழித்து.

சொல்லின் அர்த்தம் வெறும் தத்துவப் பிரச்னை என்று நினைப்பவர்களுக்கு ஒரு விவரம். 2018லிருந்து காசநோயாளிக்குச் சத்துணவுக்கென்று மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000. சிகிச்சை நடக்கிற மாதங்களுக்கு மட்டும். அட்டையில் குணம் என்று விழுந்த அன்றே பணம் நின்றுவிடும். நோயாளியாக இருக்கும் உரிமையும் அன்றோடு போய்விடும். மறுநாள் அவள் வேலை செய்யக்கூடியவள். செய்யவில்லை என்றால் சோம்பேறி. சாஸ்திரத்தில் குணம் என்பது பொருளைப் பற்றி நிற்பது, பொருளை விட்டு அதற்குத் தனி இருப்புக் கிடையாது. இங்கே அது அட்டையைப் பற்றி நிற்கிறது.

நம் மரபில் இதை யோசிக்கக் கருவிகள் இல்லாமலில்லை. உண்மையை அறியும் வழிகள் எத்தனை என்பது பழைய சண்டை. மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லும் பௌத்த அளவைகள் இரண்டு, காட்சியும் கருத்தும். சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என்று மூன்று வைக்கிறது. நியாயம் நாலு சொல்கிறது. அதில் ஒன்று சப்தம், நம்பத் தகுந்தவர் சொல். எக்ஸ்ரேயைப் பிரத்யட்சம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் கண்ணால் பார்க்கிறோம். அது அனுமானம். நிழலிலிருந்து சதைக்கும், சதையிலிருந்து மூச்சுக்கும் தாவுகிற இரண்டு தாவல். மூச்சு வாங்குவதைப் பிரத்யட்சமாக அறிகிற ஒரே ஆள் அதை வாங்குகிறவர். மற்ற எல்லோருக்கும் அது சப்தமாக, அவர் சொல்லாக மட்டுமே வந்து சேர முடியும்.

ஆக, யார் சொல் பிரமாணம்? உரை என்றதும் நமக்கு ஆகமமும் ரிஷிகளும் ஞாபகம் வரும். ஆனால் நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஆப்தன் யார் என்று விளக்கும்போது, விஷயத்தை நேராக அறிந்தவன், அறிந்தபடி சொல்ல விரும்புகிறவன் என்று வரையறுத்துவிட்டு, இந்த லட்சணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்கிறார். எழுதினவர்களும் அதைப் படித்தவர்களும் நடைமுறையில் யார் சொல்லைக் கேட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்ததே. சித்தாந்தத்தில் திறந்த கதவு சேரிப் பக்கம் ஒரு நாளும் திறந்திருக்கவில்லை. இருந்தாலும் வரையறை வரையறைதான். தன் மூச்சைப் பற்றி நடவுக்காரி ஆப்தை.

அனுமானம் எவ்வளவு தூரம் வழி தவறும் என்பதற்குக் கும்பகோணத்திலேயே ஆள் இருக்கிறார். ராமானுஜன் 1917ல் இங்கிலாந்தில் விழுந்தார். க்ஷயம் என்று முடிவு கட்டி சானடோரியம் சானடோரியமாகக் குளிர்ந்த காற்றில் கிடத்தினார்கள். குளிரைப் பற்றி அவர் எழுதிய புலம்பல் கடிதங்கள் இருக்கின்றன. 1919ல் திரும்பிவந்து, கும்பகோணத்தில் சில மாதம் இருந்து, 1920 ஏப்ரல் 26ல் சேத்துப்பட்டில் இறந்தார். பின்னாளில் அந்தக் காசநோய் மையம் வந்ததும் அதே சேத்துப்பட்டுதான். 1994ல் யங் என்பவர் பழைய குறிப்புகளை எல்லாம் பரிசீலித்து, அது க்ஷயமாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு, ஈரலில் அமீபா சீழ் கட்டியிருக்க வேண்டும் என்று எழுதினார். அன்றே மருந்து இருந்த நோய் அது. இதுவும் அனுமானம்தான், ஆனால் நோயாளி தன் உடம்பைப் பற்றிச் சொன்ன பழைய கதைகளிலிருந்து கிளம்பிய அனுமானம்.

நோயாளி சொல்வதே வேதம் என்று இங்கே முடித்துக்கொள்ளலாம். அது அவ்வளவு சுலபமில்லை. 2020, 21ல் நாம் பார்த்தோமே, விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் பிராணவாயு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்று காட்டும்; எதிரில் ஆள் உட்கார்ந்து, ஒன்றும் செய்யவில்லை என்று டீ குடித்துக்கொண்டிருப்பார். அங்கே சொல் பொய்த்தது, கருவி காப்பாற்றியது. இன்னொரு சிக்கல் மூச்சுக்கே உரியது. இதயம் நம் பேச்சைக் கேட்காது. கை நம் பேச்சைத் தவிர வேறு கேட்காது. மூச்சு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கவனிக்க ஆரம்பித்த உடனே அது பழைய மூச்சாக இருப்பதில்லை. ராத்திரிகளில் என் மூச்சை நான் காவல் காத்ததே அதைக் கெடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திருமூலர் இருந்த திருவாவடுதுறையில்தான் ராஜரத்தினம் பிள்ளையும் இருந்தார். ஒருவர் மூச்சை உள்ளே கட்டினார், மற்றவர் வெளியே விட்டார். இரண்டும் ஆண்டுக் கணக்கான சாதகம். பயத்தில் மூச்சைப் பார்ப்பவன் செய்வது அந்த இரண்டிலும் சேராது. அப்படிப் பார்த்தால் நானே கெடுத்த சாட்சியத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி ஆப்தன்?

என் பதில் இவ்வளவுதான்: கெடுத்ததாகவே இருக்கட்டும், அவஸ்தை அவஸ்தைதான். அதன் காரணம் பற்றி நான் சொல்வது தவறாக இருக்கலாம். அது இருக்கிறது என்பதில் நான் தவறுவதற்கு இடமில்லை. காரணத்தைத் தேடுவது வைத்தியரின் வேலை. இருப்பதை ஒப்புக்கொள்ள வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை, அது தேடுவதற்கு முன்னால் நடந்தாக வேண்டிய காரியம்.

இதையெல்லாம் வைகாசியில் குறிப்பெழுதி வைத்தேன். ஆனியில் எனக்கு மூச்சு சரியாகிவிட்டது. ஒரு நாள் பாலத்தைத் தாண்டி, பேசிக்கொண்டே, கரந்தை வரை போய்விட்டேன். திரும்பின பிறகுதான் அதைக் கவனித்தேன். மூச்சு மறுபடி இலக்கணத்தில் தன் இடத்துக்குப் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து அந்த அம்மாள் வந்தாள். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. 'இன்னும் வாங்குதுண்ணே' என்றாள். நான் கேட்டேன்: 'படம் எடுத்துப் பார்த்தாங்களா? படத்துல என்ன சொன்னாங்க?'

கேட்டு முடிக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு மாதத்துக்கு முன் எனக்கு நடந்த அதே இரண்டாவது பார்வை. என் நெஞ்சில் மூச்சிறைப்பு இருந்தவரை அவள் சொன்னதை நம்ப எனக்குப் பிரமாணம் எதுவும் தேவைப்படவில்லை. அது போன உடனே தேவைப்படுகிறது. அப்படியானால் அவளை நான் நம்பியதாக நினைத்துக்கொண்டிருந்தது என்ன? என்னையே நம்பிக்கொண்டிருந்தேன் போலும்.

அவளுக்கு என் தத்துவச் சங்கடம் தெரியாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். பணம் இன்னும் கொஞ்ச நாள் வர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் ஊதிப் பார்க்கிற மிஷினில் வைத்துப் பார்க்க வேண்டும். மூச்சு விடாதே என்றிருந்தவள் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கத் துணிந்துவிட்டாள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

பேர், ஊர், வயது எழுதியாயிற்று. என்ன செய்கிறது என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. மூச்சிறைப்பு என்று எழுதினால் அட்டையில் குணம் என்று இருக்கிறதே என்பார்கள். 'நீயே சொல்லும்மா, அப்படியே எழுதறேன்' என்றேன்.

'நடவுல எல்லாரும் பின்னால போயிடுறாங்க, நான் மட்டும் முன்னாலயே நின்னுடுறேன்னு எழுதுங்க.'

ஆபீஸில் வாசிக்கிறவர் இதை நேர்மாறாக அல்லவா எடுத்துக்கொள்வார்? பின்தங்கிவிடுகிறேன் என்று போடட்டுமா என்றேன்.

'அதெப்படிண்ணே? பின்னால போறது அவங்கதானே' என்றாள்.

அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.